ஜகதீசன் கல்யாணத்தில் விழுந்த கோடு

எந்தக் கம்ப்யூட்டர் மொழிக்கு மவுசு ஏறுகிறது, எதற்கு இறங்குகிறது என்று மல்லாபூர்த் தொழிற்சாலையில் யாராவது கேட்டால், பெரிய பெரிய என்ஜினீயர்கள்கூட அந்தச் சின்ன ஜன்னலைத்தான் கை காட்டுவார்கள். ஜன்னலுக்குப் பின்னால் மங்கையர்க்கரசி உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு எந்த மொழியிலும் ஒரு வரி எழுதத் தெரியாது. பி.யு.சி. படித்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, 1968-ல் பஞ்ச் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். அப்பா தேவராஜ் பொன்மலையிலிருந்து மாற்றலாகி வந்து லாலாகுடா ரயில்வே ஒர்க்ஷாப்பில் ஃபிட்டராக இருந்தவர். புருஷன் சாம்பசிவம் செகந்திராபாத் ஸ்டேஷனில் பார்சல் ஆபீஸ் கிளார்க். மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து காலையில் கம்பெனி பஸ் பிடித்தால், தார்நாக்கா, ஹப்ஸிகுடா, நாசாரம் என்று எல்லா இடத்திலும் நின்று நின்று ஏழரைக்குக் கேட்டில் இறக்கிவிடும்.

அந்தக் காலத்தில் கம்ப்யூட்டரைக் கண்ட கண்டவர் தொட்டுவிட முடியாது. கண்ணாடிச் சுவர், ஏ.சி., செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகணும். கோவில் கர்ப்பக்கிரகத்துக்குக் கூட அவ்வளவு கெடுபிடி கிடையாது. புரோகிராம் எழுதுகிறவர்கள் அதை அட்டை அட்டையாகத் துளை போட்டு, ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி, ஜன்னலில் கொடுத்துவிட்டுப் போய்விட வேண்டியது. மிஷின் அந்த அட்டைகளைத் தின்றுவிட்டு மறுநாள் ஒரு நீளமான அச்சுத்தாளைத் துப்பும். எங்கேயோ ஒரு கமா விட்டுப் போயிருந்தால் தாளில் விடை வராது, வசவுதான் வரும். அந்த ஓர் அட்டையை மாற்றிக்கொண்டு மறுபடி ஜன்னலுக்கு வர வேண்டும்.

1974-லிருந்து ஜன்னல் மங்கையின் பொறுப்பு. பொறுப்பு என்றால் சாதாரணப் பொறுப்பு இல்லை, ராஜாங்கம். அட்டைக் கட்டின் முதுகில் குறுக்காக ஸ்கெட்ச் பேனாவால் ஒரு கோடு போட்டிருக்க வேண்டும். கட்டு கைதவறி விழுந்து சிதறினால் அந்தக் கோட்டை வைத்துத்தான் அடுக்க முடியும். கோடு இல்லாத கட்டை அவள் வாங்கவே மாட்டாள். ஜெனரல் மேனேஜர் ஆபீஸிலிருந்து வந்த கட்டையே, "கோடு போட்டுட்டு வரச் சொல்லுங்க" என்று திருப்பி அனுப்பியவள். தெலுங்குக்காரர்கள் அவள் பெயரை முழுசாகச் சொல்ல முடியாமல் 'மங்கா மேடம்' ஆக்கியிருந்தார்கள். முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்களும் சொன்னார்கள், அது அவள் காதுக்கும் வந்தது, அவள் கவலைப்படவில்லை.

வாங்கின கட்டையெல்லாம் ரிஜிஸ்டரில் எழுதுவாள்: யார், எந்த செக்ஷன், எந்த மொழி, எத்தனை மணி. அவள் சேர்ந்தபோது வாடகைக்கு வந்த அமெரிக்க மிஷினும் ஆட்டோகோடர் என்ற மொழியும்தான் இருந்தன. ஆட்டோகோடர் தெரிந்தவன் என்றால் கேண்டீனில்கூட தனி மரியாதை. ஐந்தே வருஷத்தில் அது இருந்த இடம் தெரியவில்லை. டிசைன் என்ஜினீயர்கள் ஃபோர்ட்ரானைக் கொண்டுவந்தார்கள், ஸ்டோர்ஸ்காரர்களும் பர்சனல்காரர்களும் கோபோலைக் கொண்டுவந்தார்கள். இந்தப் போட்டியைப் பார்க்கப் பார்க்க மங்கைக்கு ஓர் ஆசை வந்தது. 1977-லிருந்து மாசாமாசம் எந்த மொழியில் எத்தனை கட்டு வந்தது என்று எண்ணி, மகளுடைய கலர் பென்சிலை வாங்கி, கிராஃப் பேப்பரில் கோடு இழுத்து, பீரோக் கதவின் உள்பக்கத்தில் ஒட்டினாள். ஃபோர்ட்ரானுக்குச் சிவப்பு, கோபோலுக்கு நீலம்.

அது பெரிய விளையாட்டாகிவிட்டது. மாசத்தின் முதல் வேலை நாள் காலையில் ஜன்னலில் கூட்டம் கூடும். "இந்த மாசம் யாரு?" என்று கேட்டுக்கொண்டே வருவார்கள். தோற்ற கட்சி உஸ்மானியா பிஸ்கட்டும் இரானி டீயும் வாங்கித் தர வேண்டும் என்று ஒரு சட்டம் தானாக ஏற்பட்டது. சிவப்புக் கோடு எப்போதும் உச்சாணியில், நீலம் அடியில். நாலு வருஷமாகப் பிஸ்கட் வாங்கினவர் ஸ்டோர்ஸில் கோபோல் எழுதும் நர்ஸிங்க ராவ் ஒருவர்தான். மனுஷன் ஒரு தடவையாவது முகம் சுளிக்கணுமே. சிரித்துக்கொண்டே டப்பாவை நீட்டுவார். மங்கையின் எண்ணிக்கை விளையாட்டோடும் நிற்கவில்லை. டிபார்ட்மென்ட் மேனேஜர் புருஷோத்தமன் அதே எண்ணைத்தான் மூன்று மாசத்துக்கு ஒரு தடவை தலைமை ஆபீஸுக்கு அறிக்கையில் எழுதி அனுப்பினார்.

1981 ஜனவரியில் சர்க்குலர் வந்தது. வேலையில் இருப்பவர்களிலிருந்தே மூன்று பேரைத் தேர்வு வைத்து உதவி புரோகிராமர் ஆக்கப் போகிறார்கள். ஃபோர்ட்ரான், கோபோல் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மார்ச் இருபதுக்குள் ஃபாரம் கொடுக்க வேண்டும். ஆறு மாசம் வகுப்பு, செப்டம்பரில் பரீட்சை. எந்த மொழிக்கு எத்தனை இடம் என்பதைப் பிறகுதான் சொல்வார்கள். வயசு முப்பத்தைந்தைத் தாண்டக் கூடாது.

மங்கைக்கு முப்பத்து நாலு. அடுத்த தேர்வு எப்போது வருமோ, கடவுளுக்கே வெளிச்சம். பதின்மூன்று வருஷமாக மற்றவர்கள் எழுதினதை அட்டையில் அடித்தும் ஜன்னலில் வாங்கியும் கொடுத்தவளுக்கு, ஒரு தடவையாவது தானே எழுதிப் பார்க்க வேண்டும் என்று உள்ளுக்குள் எரிந்துகொண்டிருந்தது. புருஷனிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை, சொன்னால் அழுதுவிடுவோமோ என்று பயம். பத்தொன்பது பேர் ஃபாரம் வாங்கினார்கள். எல்லோரும் ஒரு தடவை வந்து பீரோக் கதவைத் திறந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பதினாறு பேர் ஃபோர்ட்ரான் என்று எழுதினார்கள். அந்தப் பதினாறில் மங்கையும் ஒருத்தி.

மார்ச் இரண்டாம் தேதி, திங்கட்கிழமை, பிப்ரவரி மாசக் கோட்டை இழுக்க உட்கார்ந்தவள் கையில் பென்சில் அப்படியே நின்றுவிட்டது. சிவப்புக் கோடு திடுதிப்பென்று பள்ளத்தில் விழுந்தது. ஜனவரியில் இருநூற்றுப் பன்னிரண்டு, பிப்ரவரியில் நூற்று முப்பது. அவள் இரண்டு தடவை எண்ணினாள். மாசம் சின்னது என்றாலும் இவ்வளவா? ரிஜிஸ்டரைப் புரட்டினபோதுதான் ஒரு பெயர் மூன்று வாரமாக இல்லாதது கண்ணில் பட்டது. டிசைன் என்ஜினீயர் ஜகதீசன். கல்யாணத்துக்குக் கும்பகோணம் போயிருந்தான்.

ஒருத்தன் தாலி கட்டப் போனதற்கு ஒரு மொழியே படுத்துவிடுமா?

ஜனவரிப் பக்கங்களை மறுபடி பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டில் அறுபத்தொன்று ஜகதீசனுடைய கட்டு. அறுபத்தொன்றும் ஒரே புரோகிராம். கொடுத்திருக்கிறான், வசவு வாங்கியிருக்கிறான், ஓர் அட்டையை மாற்றியிருக்கிறான், மறுபடி கொடுத்திருக்கிறான். அடுத்த பக்கத்தில் நர்ஸிங்க ராவின் கட்டு வாரத்துக்கு ஒன்று வந்து, வேலையை முடித்துக்கொண்டு போயிருந்தது. மங்கைக்குக் காது சூடாயிற்று. நாலு வருஷமாக எந்த மொழியில் அதிக வேலை நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு, எந்த மொழி அதிகமாகத் திரும்பி வருகிறது என்பதை வரைந்திருக்கிறாள்! கட்டுக்குக் கோடு இல்லை என்று ஊரையெல்லாம் விரட்டினவள், தான் போட்ட கோட்டைப் பார்க்காமல் விட்டுவிட்டாள். அவளுக்கு வந்த கோபத்துக்குத் திட்ட வேறு ஆள் கிடைக்கவில்லை.

அந்த வாரமும் அடுத்த வாரமும் சாப்பாட்டு நேரத்தில் ரிஜிஸ்டரோடு உட்கார்ந்தாள். ஒரு புரோகிராம் எத்தனை தடவை வந்தாலும் ஒன்று என்றே எண்ணினாள். ஃபோர்ட்ரான் நாலு வருஷத்துக்கு முன்னால் மாசத்துக்கு நாற்பது, இப்போது முப்பத்தேழு. கோபோல் அன்றைக்குப் பதினொன்று, இப்போது அறுபத்து நாலு. நீலக் கோடு சிவப்பை எப்போதோ தாண்டிப் போய்விட்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாம்பசிவம் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டுச் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது அவனிடம் சொன்னாள்.

"ரொம்ப நல்லதாப் போச்சு" என்றான் அவன். "நாளைக்குப் போய் உன் ஃபாரத்தை மட்டும் மாத்திக் குடு. கோபோல்ல மொத்தமே மூணு பேரு. நீ கண்ணை மூடிட்டுப் பாஸ் பண்ணிடுவே."

"மத்தவங்க?"

"மத்தவங்களுக்கு என்ன? எந்த வண்டி லேட்டுன்னு தெரிஞ்ச கிளார்க் பிளாட்ஃபாரத்துல நின்னு கத்திக்கிட்டா இருப்பான்?"

"ஏங்க, அவங்க என் படத்தைப் பாத்துத்தானே எழுதினாங்க."

"விளையாட்டுக்கு ஒட்டின படம்தானே. பாக்கச் சொல்லி நீ கூப்பிட்டியா? இதான் உனக்குக் கடைசி சான்ஸ் மங்கை. அப்புறம் என்கிட்ட வந்து அழாதே."

அவன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் அவளுக்கும் பட்டது. திங்கட்கிழமை காலை முதல் வேலையாகத் தன் ஃபாரத்தை வாங்கி, ஃபோர்ட்ரானை அடித்து, கோபோல் என்று எழுதிக் கொடுத்தாள். புதுப் படத்தை நாலாக மடித்துக் கைப்பையில் போட்டாள். வாயைத் திறப்பதில்லை என்று முடிவு பண்ணிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள். அங்கே லூர்துமேரி நின்றிருந்தாள். பஞ்ச் ஆபரேட்டர், இருபத்தேழு வயசு, நாலு அட்டை அடிப்பதற்குள் நாற்பது வார்த்தை பேசுகிறவள்.

"அக்கா, நான் வெள்ளிக்கிழமையே ஃபாரம் குடுத்துட்டேன். ஃபோர்ட்ரான்தான் போட்டேன். எங்க வீட்ல கோபோல் போடு, ஈஸின்னாங்க. நக்கோ, வேணாம், எங்க அக்கா படம் போட்டு வச்சிருக்காங்க, அதுல இருக்கறதுதான் கரெக்ட்னு சொல்லிட்டேன்."

மங்கை அவளையே பார்த்தாள். அந்தப் பெண் முகத்தில் சந்தேகம் என்று மருந்துக்கும் இல்லை. மங்கைக்குச் சாம்பசிவம் மேல் கோபம் வந்தது, ஜகதீசன் மேல் வந்தது, அவனைக் கட்டிக்கொண்ட முகம் தெரியாத பெண் மேல்கூட வந்தது. பீரோவைத் திறந்து பழைய படத்தைக் கிழித்தெடுத்தாள். கைப்பையிலிருந்து புதுசை எடுத்து ஒட்டினாள். அடியில், 'இதுவரை நான் எண்ணினது தப்பு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

மத்தியானத்துக்குள் ஜன்னலில் திருவிழா. சொன்னதை நம்புவார்கள் என்று நினைத்திருந்தாள். எங்கே நம்பினார்கள்! டைம் ஆபீஸ் ஜெகநாதன்தான் முதலில் கண்டுபிடித்தார்: "மேடம் நம்மளை ஃபோர்ட்ரான்லேருந்து கிளப்பி விடறாங்க. கூட்டம் குறைஞ்சா அவங்களுக்கு லாபம்."

"நானே கோபோலுக்கு மாத்திட்டேன், வேணா ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க" என்றாள் மங்கை.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கே. அஞ்சு மணிக்கு மறுபடி ஃபோர்ட்ரானுக்கு மாத்தினா யார் கேக்கப் போறா?"

லீவு முடிந்து அன்றுதான் வந்திருந்த ஜகதீசன், மஞ்சள் கயிறு கட்டின கையோடு படத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்தான். ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை. "அறுபத்தொரு தடவை தப்பு வந்ததுன்னா நான் புதுசா ஏதோ பண்றேன்னு அர்த்தம் மேடம். ஃபோர்ட்ரான் அவ்வளவு சீக்கிரம் போயிடாது" என்றான். அதில் நியாயம் இருப்பதாகவே மங்கைக்குத் தோன்றியது. நர்ஸிங்க ராவ்தான் நெடுநேரம் படத்தையே முறைத்துக்கொண்டு நின்றார். பிறகு தமிழும் தெலுங்கும் உருதுவும் கலந்து, "அரே மேடம், அப்போ என் புரோகிராம் ஒழுங்கா ஓடினதுக்கா நான் நாலு வருஷம் பிஸ்கட் வாங்கினேன்?" என்று கேட்டார். சிரிப்பில் ஜன்னலே அதிர்ந்தது. கடைசியில் லூர்துமேரியும் இன்னும் மூன்று பேரும் மட்டும் ஃபாரத்தை மாற்றினார்கள்.

செப்டம்பரில் பரீட்சை நடந்து ரிசல்ட் வந்தது. கோபோலுக்கு இரண்டு இடம், ஃபோர்ட்ரானுக்கு ஒன்று. கோபோலில் முதல் இடம் லூர்துமேரி. இரண்டாவது ஸ்டோர்ஸ் கிளார்க் ஒருவர், முதலிலேயே கோபோல் எழுதியிருந்த மூன்று பேரில் ஒருவர். மூன்றாவது மங்கையர்க்கரசி. இரண்டே மார்க் வித்தியாசம்.

நோட்டீஸ் போர்டு முன்னால் அவள் கல் மாதிரி நின்றாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் லூர்துமேரி ஃபோர்ட்ரானில் இருந்திருப்பாள், இரண்டாவது இடம் இவளுக்கு. இதைப் புரிந்துகொள்ளக் கம்ப்யூட்டர் தேவையில்லை. லூர்துமேரிக்கும் அது புரிந்திருந்தது. ஜன்னலுக்கு ஓடி வந்து, "அக்கா, நீங்க சொல்லாம இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து, மேலே பேச முடியாமல் அழுதாள்.

"ஆமா, இருந்திருந்தா நான் உள்ள போயிருப்பேன். வயிறு எரியத்தான் செய்யுது, இல்லேன்னு பொய் சொல்ல மாட்டேன்" என்றாள் மங்கை. "நீ போய் முகத்தைக் கழுவு. ரெண்டு பேரும் அழுதா கட்டை யாரு வாங்கறது?"

காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் முதலாவது. பட்டியலுக்கு ஆயுள் ஒரு வருஷம். 1982 செப்டம்பர் பதினாலுக்குள் கோபோலில் ஓர் இடம் காலியாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லாம் முடிந்தது. காலியாகிற வழியாகத் தெரியவில்லை. கோபோல் வேலை மட்டும் மலையாகக் குவிந்தது. புருஷோத்தமன் இன்னும் ஆள் வேண்டும் என்று இரண்டு தடவை தலைமை ஆபீஸுக்கு எழுதினார். இரண்டு தடவையும் ஒரே பதில்: உங்கள் நாலு வருஷ அறிக்கையின்படியே கோபோல் வேலை குறைவு, ஆள் எதற்கு?

அந்த அறிக்கை மங்கை தப்பாக எண்ணின எண்ணிக்கை. இனிமேல் போகும் அறிக்கைக்கு அவள் புது எண்ணிக்கையைக் கொடுத்துவிட்டாலும், பழைய நாலு வருஷம் ஃபைலில் அப்படியே உட்கார்ந்திருந்தது. அவள் புருஷோத்தமனிடம் போய் விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் கறுத்தது.

"நாலு வருஷமா என் கையெழுத்துல தப்பான நம்பர் போயிருக்கா?"

"ஆமா சார்."

"இதை நான் மேல எப்படிச் சொல்றது? சொல்லணும்னா, யார் தப்புன்னு கேப்பாங்க. உங்களுக்கு மெமோ குடுத்தே ஆகணும். சர்வீஸ் ரெக்கார்டுல ஏறும். பட்டியல்லேருந்து பேரையே எடுத்தாலும் எடுத்துடுவாங்க. யோசிச்சுக்கோங்க."

மங்கைக்கு யோசிக்க ஒன்றும் மிச்சமில்லை. "குடுங்க சார், பதில் எழுதறேன்" என்றாள்.

மெமோ வந்தது. 'நான்கு ஆண்டுகள் தவறான புள்ளிவிவரம் அளித்ததற்காக உங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது' என்று கேட்டிருந்தது. பதில் எழுத அவளுக்கு மூன்று நாள் ஆனது. இரண்டு பக்கம். தான் எதை எண்ணினேன், எதை எண்ணியிருக்க வேண்டும், ஒரு கட்டு அறுபத்தொரு தடவை வந்தால் என்ன அர்த்தம், ஒரே தடவை வந்தால் என்ன அர்த்தம் எல்லாவற்றையும் எழுதினாள். ஜகதீசன் கல்யாணத்தையும் விடவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து இணைத்தாள். மன்னிப்பு என்ற வார்த்தையைக் கடைசி வரியில் ஒரு தடவை மட்டும் போட்டாள். புருஷோத்தமன் படித்தார், ஃபைலோடு கட்டி மேலே அனுப்பினார். ஜூன் போயிற்று, ஜூலை போயிற்று. சாம்பசிவம் வீட்டில் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, காலண்டரைக் கூட அவள் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றி மாட்டியிருந்தான்.

ஆகஸ்ட் பத்தாம் தேதி புருஷோத்தமன் கூப்பிட்டனுப்பினார். மெமோதான் என்று நினைத்து, தலைப்பைச் சரி பண்ணிக்கொண்டு போய் நின்றாள். அவர் ஒரு தாளை நீட்டினார். கோபோலுக்கு மூன்று புதிய இடங்களை அனுமதித்து உத்தரவு. உத்தரவுக்கு ஆதாரம் என்று மேலே முதல் வரியில் குறித்திருந்தது: கவுண்டர் பொறுப்பாளர் திருமதி சா. மங்கையர்க்கரசி அளித்த விளக்கம்.

அவள் அந்த வரியை மூன்று தடவை படித்தாள். பிறகு மேனேஜர் ரூம் என்றும் பார்க்காமல் அழுதுவிட்டாள். புருஷோத்தமன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சார், மெமோ?"

"எச்சரிக்கைன்னு ஒரு வரி போட்டு மூடிட்டாங்க. பட்டியல் இன்னும் அஞ்சு வாரம் உயிரோட இருக்கு. திங்கட்கிழமை உள்ள போய் ஜாயின் பண்ணுங்க."

பின்னாளில் அவள் கோபோலில் நிறைய எழுதினாள். எண்பத்தாறில் மேஜை மேல் வைக்கிற சின்னக் கம்ப்யூட்டரோடு டிபேஸ் என்ற மொழி வந்தபோது அதையும் கற்றுக்கொண்டாள், எண்பத்தொன்பதில் சி மொழி வகுப்புக்கும் பெயர் கொடுத்தாள். ஆனால் அதெல்லாம் அப்புறம். அந்தத் திங்கட்கிழமை அவள் செருப்பைக் கழற்றிவிட்டு புரோகிராமர் ஹாலுக்குள் போனபோது எல்லா மேஜையிலும் ஆள் இருந்தது. லூர்துமேரியின் பக்கத்து மேஜை ஒன்றுதான் காலி. அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி இருந்தது. ஏ.சி. தண்ணி சொட்டுகிறது, யாரும் உட்காராதீர்கள் என்று லூர்துமேரி பத்து மாசமாகச் சொல்லி வந்திருக்கிறாள். மங்கை வாளிக்குள் எட்டிப் பார்த்தாள். ஒரு சொட்டுத் தண்ணி இல்லை, தூசிதான் படிந்திருந்தது.

"உக்காருங்க அக்கா" என்று சொல்லி லூர்துமேரி வாளியை எடுத்துக் கீழே வைத்தாள்.